சீட்டுக்குப் பின்னால்

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கயிற்றருகே போய் நின்றாள்.

சிவப்புக் கார். இரண்டே பேர் உட்காரலாம். கணவருக்குப் பக்கத்தில் முப்பது வருடம் இவள் உட்கார்ந்து போன கார்.

பக்கத்தில் அருங்காட்சியகத்தின் பலகை. வருடம், குதிரைசக்தி, மாநிலத்திலேயே இது ஒன்றுதான் என்ற பெருமை. கடைசி வரியில்: அமரர் கனகசபாபதி குடும்பத்தார் வழங்கியது.

அமரர். இரண்டு தரம் படித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. “அழுதுரு கண்ணு, நெஞ்சு வெடிச்சிரும்” என்று கட்டிப்பிடித்தவர்களே, பிறகு கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் உண்டு. காரைப் பார்த்தாலாவது அழுகை வருமா என்றுதான் தனியாக வந்தாள்.

வரவில்லை. ஏசி குளிர்ந்தது. ஒரு ஜோடி செல்பி எடுத்துக்கொண்டு நகர்ந்தது.

“செருப்பப் போட்டுக்குங்கம்மா. இதென்ன கோயிலுங்களா?” காவலாளி சிரித்தார்.

அப்போதுதான் காலைப் பார்த்தாள்.

செருப்போடு இந்தக் காரில் யாரும் ஏறக் கூடாது. மந்திரியே வந்தாலும் கூடாது. அவரும் வெறுங்காலில்தான் ஓட்டுவார். கிறுக்கு மனுஷன். கழற்றிய செருப்பைச் செய்தித்தாளில் சுற்றி, சீட்டுக்குப் பின்னால் செருகிவிடுவார்.

எட்டிப் பார்த்தாள்.

பொட்டலம் இருந்தது.

“உள்ள இருக்கற எதையும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. அப்படியேதான் கெடக்குது” என்றார் காவலாளி.

அன்று அந்த ஸ்டீயரிங்கில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வெறுங்காலோடு அப்படியே தூக்கிப் போனார்கள்.

கருமாதிக்குத் தானம் கொடுக்க அவர் செருப்பை வீடெல்லாம் தேடினார்கள். போகிறவர் நடக்கும் வழி சுடுமாம். கிடைக்கவில்லை. மகன் கடைக்குப் புதிது வாங்கக் கிளம்பினான்.

“அப்பாவுக்கு எட்டாம் நம்பர்தானம்மா?”

என்ன கேட்டான் என்றே ஏறாமல் தலையாட்டினாள்.

அவருக்குப் பத்து.

கயிற்றின் மேல் குனிந்து பொட்டலத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு வெளியே நடந்தாள்.

சித்திரை வெயில். வாசலைத் தாண்டிப் பத்தடி போனதும் தார் காலைச் சுட்டது.

“அம்மா, செருப்பு!”

காவலாளி ஓடிவந்து, செருப்பை அவள் காலருகே போட்டார்.

“சுடுதுங்க” என்றாள். குரல் உடைந்தது. கண்ணீர் கொட்டியது.

செருப்பில் காலை நுழைக்கவில்லை.