வாயில் வராத பெயர்

“எந்தத் தெரு, ஆச்சி?” என்று கேட்டாள் நர்ஸ் ஜெபசெல்வி.

தங்கமயில் சொன்னாள். தாராவி நைன்டி ஃபீட் ரோடு, கோயிலுக்குப் பின்சந்து, மாடிக்குத் தண்ணீர் ஏறாத வீடு. கேட்காததையும் சேர்த்துச் சொல்வது அவளுடைய வழக்கம். இன்றைக்கு அதைத்தான் எல்லாரும் விரும்பினார்கள்.

கழுத்தின் இடதுபக்கத்தை மரத்துப்போகச் செய்து, கீறி, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை டாக்டர் கேஷவ் கிடுக்கியால் அடைத்திருந்தார். அந்தக் குழாய் வழியாக இதயம் வரைக்கும் போய்ப் புது வால்வை வைக்க வேண்டும்.

வழக்கமாகத் தொடை வழியாகப் போவார்கள். தங்கமயிலின் தொடைக் குழாய்கள் இரண்டும் எழுபத்தாறு வயதில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக் கிடந்தன. டாக்டர் படம் போட்டு விளக்கியதை மகன் ஜெயகணேஷ் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்.

“எம்மா, கால் லைன் ரெண்டும் மெகா பிளாக்காம். கழுத்து வழியாத்தான் போவாவளாம்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று லைனையே மூடிவிடும் லோக்கல் ரயிலில் போய்ப் பழகியவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. மூளைக்கு ரத்தம் போகிறதா என்பதை அவள் பேச்சை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வலது கையில் ஒரு ரப்பர் வாத்தையும் கொடுத்திருந்தார்கள். சொல்லும்போதெல்லாம் அமுக்கினால் அது கீச்சென்று கத்த வேண்டும்.

பேச்சு நின்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கழுத்தைத் தைத்துவிடுவார்கள். நெஞ்சைப் பிளந்து செய்ய அவள் உடம்பு தாங்காது. வேறு வழி கிடையாது. இதெல்லாம் அவளுக்கும் தெரியும். சாகப் பயமில்லை என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாளே தவிர, அவளுக்குச் சாகத் துளிகூட இஷ்டமில்லை.

இன்று என்ன கிழமை என்று ஜெபசெல்வி கேட்டாள். சொன்னாள். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். ஒரு வாய் காப்பித் தண்ணிகூடத் தரவில்லை என்று புகார் செய்தாள். வாத்து நன்றாகக் கத்தியது.

“உங்க வீட்டுக்காரர் பேரு என்ன, ஆச்சி?”

தங்கமயில் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெயர் அவள் வாயில் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ரேஷன் ஆபீசில் கேட்டால் கார்டை நீட்டுவாள். பேங்கில் கேட்டால் மகனை முன்னால் தள்ளுவாள். அவர் பெயர் இசக்கிமுத்து. அதில் பாதிகூடத் தவறி வந்துவிடக் கூடாது என்று, இசக்கியம்மனை வெறும் அம்மன் என்பாள், புளியமுத்தைப் புளியங்கொட்டை என்பாள்.

இப்போது நீட்ட கார்டு இல்லை, தள்ள மகனும் இல்லை. அவள் கை வாத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இறுக்கிப் பிடித்த வாத்து கத்தாது.

“போல் நஹீ ரஹீ”, பேச்சு வரவில்லை என்றார் கேஷவ். அவர் கை கிடுக்கியை எடுக்கப் போனது. யாரோ தையல் தட்டைக் கேட்டார்கள்.

தங்கமயிலுக்கு ஹிந்தி நன்றாகவே புரியும். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்பதும் புரிந்தது. அவள் சொல்லவில்லை.

ஜெபசெல்விக்குத்தான் சட்டென்று பொறி தட்டியது.

“ஆச்சி, மகன் பேரைச் சொல்லுங்க.”

“ஜெயகணேஷு. வெளிய காலைலருந்து பட்டினியா நிப்பான். போயி ஒரு வடாபாவாவது திங்கச் சொல்லுட்டி.”

வாத்தும் கத்தியது. கேஷவ் மூச்சு விட்டார். கிடுக்கி இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் புது வால்வு இதயத்தில் போய் உட்கார்ந்தது.

தையல் போடும்போது ஜெபசெல்வி டாக்டருக்கு விளக்கினாள். எங்கள் பக்கத்து வயதான பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அது மரியாதை என்றாள்.

கேஷவ் நெகிழ்ந்துபோனார். உயிர் போகிற நேரத்திலும் புருஷனுக்கு இவ்வளவு மரியாதையா என்று மயக்க மருந்து டாக்டரிடம் இரண்டு தடவை சொன்னார். தன் மனைவி தன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

தங்கமயில் மறுத்துப் பேசவில்லை. கழுத்தில் ஊசி ஏறி இறங்கும்போது வம்பு எதற்கு என்று சும்மா படுத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் அந்தப் பெயரைச் சந்து முனைவரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டவள்தான் அவள். காட்கோபரில் இன்னொருத்தியோடு அவன் குடிபோன அன்றைக்குத்தான், செத்தாலும் இந்தப் பெயர் இனி என் வாயில் வராது என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.