எட்டாவது ஆலோசனை

வழக்கு ஜெயித்தும் வக்கீல் எங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தரவில்லை. பேசிய ஃபீஸைக் கட்டியாச்சு. புது பில்லில் ‘ஆலோசனை’ என்று ஏழு தேதிகள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிற முதல் ஆள் நான். வாசித்துக் காட்டினேன். “அன்னிக்கெல்லாம் முருங்கைக்காய் குடுக்கத்தானே போனேன், தாயி” என்றார் அப்பா. அவரைக் கூட்டிக்கொண்டு போய் வக்கீலிடமே கேட்டேன். “அப்படி என்ன சார் ஆலோசனை சொன்னீங்க?”

“காய் முத்தல், அடுத்த தடவை இளசாக் கொண்டாங்கன்னு சொன்னேன்.” சிரித்தார். “உங்கப்பாவே பேசாம நிக்கிறார், உனக்கென்னம்மா?”

ஏழு தடவையும் இப்படித்தான் நின்றிருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உக்காருப்பா. இதை எட்டாவது ஆலோசனைன்னு எழுதிக்குங்க சார். பத்திரம் வராம எந்திரிக்க மாட்டோம்.”

அப்பா நுனியில் உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சாய்ந்தார்.