தொட்டா சொல்லணும்

“ஆபரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். கிளம்புடா தம்பி! தொழுநோய்னு வெளியே தெரிஞ்சா நம்ம குடும்பத்துல எவன் பொண்ணு எடுப்பான்?” என்றாள் அத்தை, வார்டு வாசலில் நின்றபடியே.

மகளின் கட்டிலருகே நின்ற அம்மா அப்பாவைப் பார்த்தாள். சம்மதக் கையெழுத்து அப்பாதான் போட வேண்டும். அப்பாவோ அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர்.

டாக்டரம்மா குழந்தையின் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். “இங்கதான் நரம்பு வீங்கி நெருக்குது. மாத்திரைக்கு அடங்கலை. மேல் உறையைத் திறந்து நரம்பைத் தளர்த்தி விடணும். தள்ளிப்போட்டா விரல் மடங்கினபடியே நின்னுடும்.”

“இவளுக்கு எப்படிங்க வந்துச்சு?” என்றார் அப்பா.

“வீட்டுல யாராவது தெரியாமலே, மருந்து எடுக்காம இருக்கலாம். எல்லாரையும் பார்க்கணும்.”

“எல்லாரையும் எதுக்கு? இவ பொறந்த வீட்டைப் பாருங்க, போதும்!” அத்தையின் முகவாய் அம்மாவை நோக்கி நீண்டது.

ஒட்டிக்கொள்ளுமாம், காலையிலிருந்து அவள் உள்ளே வரவில்லை. மருந்து சாப்பிடும் குழந்தையிடமிருந்து ஒட்டாது என்று டாக்டரம்மா தொண்டை வறளச் சொல்லியாயிற்று. காதுக்குப் பூட்டுப் போட்டு வந்தவளிடம் யார் பேச முடியும்?

சூடு தாங்காமல் அப்பா வாசலருகே கீழே வைத்த டீ டம்ளரை அத்தை அலட்சியமாகப் பற்றிக் குடித்தாள். “இதுகூட சுடுதாடா உனக்கு? எல்லாம் பொண்டாட்டி வளர்ப்பு!”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். “பாப்பா, கண்ணை மூடிக்கோ. தொட்டா சொல்லணும்.”

கட்டைவிரலில் வைத்ததும், “தொட்டாச்சு!” என்றாள் குழந்தை. சுண்டுவிரலில் வைத்தபோது மூச்சு விடவில்லை.

அத்தை கெக்கலித்தாள். “பேனாவை வச்சு வியாதி பார்க்கிறாங்களாம்! கண்ணை மூடினா யாருக்குத்தான் தெரியும்? எங்க, எனக்கு வச்சுப் பாருங்க. நான் சொல்லிட்டேன்னா குழந்தை என்கூட வீட்டுக்கு வந்துடணும்!”

கையை நீட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா சத்தமில்லாமல் பேனாவைக் குழந்தையிடம் கொடுத்தார். குழந்தை குதித்து இறங்கி அத்தையிடம் ஓடியது. அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பிறகு அப்பா மகளிடமிருந்து அந்தப் பேனாவை வாங்கி, சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

“என்ன டாக்டர், மை தீர்ந்துடுச்சா? சீக்கிரம் தொடுங்க!” கண்ணைத் திறக்காமலே அதட்டினாள் அத்தை, சுண்டுவிரல் நெடுக நாலு நீலப் புள்ளிகளோடு.