வெறும் அறையின் அளவு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மூச்சு விட்ட ஓர் அறையின் கதை சொல்கிறேன். செண்பகவல்லி ரேடியோ அலைகளை ஆராய்கிறவள். ஆள்மேல் பட்டுத் திரும்பும் அலையை வைத்து, தொடாமலே மூச்சை அறியும் கருவியை வீட்டிலேயே சோதித்தாள். முதலில் ஆளில்லாத அறையில் அலை எப்படித் திரும்புகிறது என்று அளக்க வேண்டும். பிறகு எடுக்கும் அளவுகளிலிருந்தெல்லாம் அதைக் கழிக்க வேண்டும். அன்றைக்கு அப்பா சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அசையாம கெடக்கேன். என்னையும் நாற்காலியோட நாற்காலியா நெனச்சுக்கோ தாயி" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே அளந்துவிட்டாள்.

அப்பா காலமான பிறகுதான், கூட வேலை செய்யும் தாவீது அந்த அளவைக் கவனித்தான். "என்னக்கா, ஒங்க வெறும் ரூம் மூச்சு விடுது? பேய் கீய் குடியிருக்கா?"

திரையில் மெல்லிய கோடு ஏறி இறங்கியது. செண்பகவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கழிச்சா நோயாளியோட மூச்சு தப்பாத்தான் தெரியும்க்கா. புதுசா எடுத்துருவோம். இப்பதான் ரூம் காலியா…" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆமா, எடுத்துருவோம்" என்று அவள் எழுந்து போய்க் கதவைப் பிடித்தாள். "அப்பா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள் உள்ளே பார்த்து. உடனே சாத்தவில்லை. வயதான ஒருவர் மெல்ல நடந்து வெளியே வரும் நேரம் வரைக்கும் கதவைத் திறந்தே பிடித்திருந்தாள்.

உங்கள் வீட்டில் எந்த அறையும் காலியாகாமல், எல்லாரும் நிறைந்து இருங்கள்.