படத்தில் இல்லாதவள்

சுபோதினியின் மகனின் முதல் பிறந்தநாளன்று புது டிஜிற்றல் கமரா உயிர்பெற மறுத்தது.

“நேற்றுத்தானே புதுப் பற்றறி போட்டனான்!” கணவன் வரதன் பொத்தானை அமுக்கி அமுக்கிக் களைத்தான். “லவால் கடையிலை இருந்து பனிக்குள்ளாலை கொண்டுவரேக்கை குளிர் பிடிச்சிருக்கும். ஹீற்றரிலை வைச்சுப் பாப்பம்.”

வைத்தும் பயனில்லை. மூலையில் குழந்தையின் கரடிப் பொம்மை மட்டும் டமடமவென்று மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

“சுபோ, நீதான் என்னத்தையோ அமத்திப்போட்டாய்,” என்று மாமி சீறினாள். “இனி ஆர் படம் எடுக்கிறது?”

கல்யாணமாகி ஐந்து வருடமாய், எந்த விசேஷத்திலும் “நீ எடு பிள்ளை” என்று மாமி கமராவைச் சுபோதினியின் கையில் திணித்துவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஒரு படத்திலும் அவள் முகம் இல்லை. மகனின் முதல் பிறந்தநாள் படத்திலும் இருக்கப்போவதில்லை.

“மேல்வீட்டுக் குலேந்திரன் அண்ணையிட்டைக் கமரா இருக்கு, மாமி.”

குலேந்திரன் வந்ததுமே அதிகாரம் செய்யத் தொடங்கினார். “தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுவிலை நில்லுங்கோ. மாமி, நீங்கள் என்ரை பக்கத்திலை நிண்டு அந்தக் கரடியைத் தூக்கிப் பிடியுங்கோ. பிள்ளை இஞ்சாலை பாக்கட்டும்.”

மாமியின் கையில் கரடி விடாமல் மேளம் அடித்தது. அதன் செத்த பற்றறிகளைக் கமராவுக்கும், கமராவின் புதுப் பற்றறிகளைக் கரடிக்கும் காலையிலேயே மாற்றிப்போட்டிருந்த சுபோதினி, வாய்நிறையச் சிரித்தாள்.