மூணு மணி லிஸ்ட்

"உங்க ரேடியோ பொட்டியால நேத்தெல்லாம் எங்க டிவியில கோடு கோடா ஓடிச்சே, அப்ப நிறுத்தினீங்களா? இப்ப நான் மட்டும் மோட்டார நிறுத்தணுமா?"

எதிர்வீட்டு லோகாம்பாள் போட்ட சத்தத்தில், தேவகியின் இடுப்பிலிருந்த குழந்தை சிணுங்கியது.

தேவகிக்கு யார் வீட்டுப் படியேறியும் ஒன்று கேட்டுப் பழக்கமில்லை. இன்றைக்குத்தான் துணிந்து வந்திருந்தாள்.

"இல்லக்கா... கடல் பொங்கினதுல அந்தமான்ல போனெல்லாம் செத்துக் கெடக்குது. எங்க வூட்டுக்காரரு ரேடியோவுலதான் சேதி வருது. செவிலிமேட்டு அம்மா ஒருத்தங்க காலைலேர்ந்து எங்க வூட்லயே குந்திக்கினு இருக்காங்க. ஒத்தப் புள்ள, கொத்து வேலைக்குப் போன எடம் அதான். பச்சத் தண்ணி பல்லுல படல."

"அதுக்கு?"

"பொழச்சவங்க பேர மூணு மணிக்கு இன்னொரு தபா படிப்பாங்களாம். அதோட அங்க பேட்டரி தீந்துடுமாம். தெருவே தறிக்கு நூல் தார் சுத்துற மோட்டார ஓட்டினா, ரேடியோவுல கரகரன்னு இரையுது. ஒண்ணும் காதுல வுழல."

"தை மாச முகூர்த்தப் பொடவ, தறியில ஏறி நிக்குது. மொதலாளி ஒரு நாளைக்கு ரெண்டு தபா ஆள் அனுப்பறான். இங்க வேலை நிக்கிறது அமாவாசைக்குத்தான். நேத்துதான் பௌர்ணமி ஆச்சி. போம்மா, போய் புள்ளையப் பாரு!"

தேவகி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். அடுத்த வீட்டில் கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்குள்ளே அவள் புருஷன் உமாபதி, காதில் மாட்டிய ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி ரேடியோ மேல் கவிழ்ந்து கிடந்தான். தறி நெய்கிறவன்தான். பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, ஆபத்து சமயத்தில் காசு வாங்காமல் சேதி சொல்ல உட்கார்ந்தவன். தெரு அவனுக்கு வைத்த பேர் 'வேலையத்தவன்'.

"என்னா சொன்னாங்க?"

தேவகி உதட்டைப் பிதுக்கினாள்.

"புள்ள பேரு முத்துக்குமாருப்பா, மறந்துடாத" என்றாள் சுவரோரம் இருந்த செவிலிமேட்டுக் காமாட்சியம்மாள். இதோடு பத்துத் தடவை சொல்லிவிட்டாள்.

மூன்று மணி. முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரே இரைச்சல். உமாபதியின் பேனா காகிதத்தில் படாமல் மேலேயே நின்றது.

சட்டென்று இரைச்சல் அடங்கியது.

கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். உமாபதி அதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டு எழுதினான். ஒவ்வொரு பேராக. பதினேழாவது பேருக்கு அவன் குரல் மாறியது.

"எம் ஃபார் மைக்... யு ஃபார் யூனிஃபார்ம்... டி ஃபார் டேங்கோ..."

காமாட்சியம்மாளுக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாது. அவன் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா! முத்துக்குமார், செவிலிமேடு! முகாம்ல இருக்காரு. கால்ல அடியாம், உசுருக்கு ஒண்ணுமில்ல!"

அந்தம்மா கதறிய கதறலில் குழந்தையும் சேர்ந்து அழுதது.

உமாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சாமி மாதிரி கரண்ட்டு போச்சி தேவகி! நம்ம ரேடியோ பேட்டரியில அது பாட்டுக்கு ஓடிச்சி."

தேவகி அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஒரு மோட்டார் ஓடவில்லை. ஒரு டிவி பாடவில்லை. அந்தக் கோடியிலிருந்து, வேர்த்து விறுவிறுத்து, முந்தானையை மூட்டை மாதிரி கூட்டிப் பிடித்துக்கொண்டு லோகாம்பாள் வந்துகொண்டிருந்தாள். முந்தானை நிறைய, வீட்டுக்கு வீடு மீட்டர் பெட்டியிலிருந்து பிடுங்கிய பியூஸ் கட்டைகள்.

"என்னாடி அப்பிடி பாக்குற? எது யார் வூட்டுதுன்னு தெரியாம நானே முழிச்சிக்கினு இருக்கிறேன்!" என்று எரிந்து விழுந்தவள், கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"புள்ள பேரு வந்திச்சா?"