நல்ல கன்னம்

கதாநாயகன் இன்னும் கையை ஓங்கவில்லை.

நாயகியின் கன்னத்தில் அதற்குள் நான்கு விரல் தடங்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் ஒரு ஃப்ரேம் பின்னால் போனாள். இருந்தன. இன்னும் பத்து ஃப்ரேம். இருந்தன.

கறுப்பு வெள்ளைக் காலத்துக் காதல் படம். நெகட்டிவ் புளித்துப்போய் வாடையடித்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்கு அதன் நினைவு வந்தது. தூசி, கீறல், பூஞ்சை எல்லாவற்றையும் துடைத்துப் புதுசாக்கித் தரவேண்டும். காதலர் தினத்துக்குத் திரும்ப ரிலீஸ். ஸ்கேன் செய்து முடித்ததும் நெகட்டிவ் கையிலேயே உதிர்ந்துவிட்டது. இனி இவள் அனுப்புவதுதான் படம்.

தியேட்டரில் நாயகன் விடும் அந்த அறை அரை நொடிகூட இல்லை. ஒன்பது ஃப்ரேம்.

அவளுக்கு இரண்டு நாள்.

இரண்டு நாளாக அந்தக் கையோடு குடித்தனம். மோதிரம் தெரியும். புறங்கை மயிர் தெரியும். ஆறாவது ஃப்ரேமில் நாயகியின் உதடு ஒரு பக்கமாக இழுபடும். ஏழாவதில் எச்சில் தெறிக்கும். அதை மென்பொருள் தூசி என்று வட்டம் போட்டுக் காட்டியது. அழிக்கவா என்று கேட்டது.

ஒன்பதாவதில் நாயகனின் உதட்டோரம் ஒரு சிரிப்பு. ஓடும்போது தெரியாது. நிறுத்தினால் தெரியும்.

மதியம் தயிர்சாதம் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். படித்த திமிர்க்காரி. பேண்ட், கறுப்புக் கண்ணாடி, சொந்தக் கார். அவன் பின்னாலேயே வருவான். சைக்கிளில் வருவான். மரத்திலிருந்து குதிப்பான். குளிக்கிற இடத்துக்கும் வருவான். பாட்டுப் பாடுவான். அவள் போடா என்பாள். நாலு பேர் முன்னால் கன்னத்தில் ஒன்று விடுவான். அடுத்த காட்சியில் அவளுக்குப் புடவை, பூ, பெரிய பொட்டு, கையில் காபி டம்ளர்.

“நீங்கள் அடித்த பிறகுதான் நான் பெண்ணானேன்” என்பாள்.

ஒலியை அணைத்து வைத்திருந்தாள். உதடு அசைவதை அணைக்க வழியில்லை.

“என்னம்மா, இன்னும் அந்த அறையிலேயே உக்காந்திருக்கே? வெளிய வா.”

மேற்பார்வை பார்க்கும் தணிகாசலம். சொன்ன சிலேடைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அவள் தடங்களைக் காட்டினாள்.

“ஏழெட்டு டேக் போயிருக்கும். அந்தக் காலத்துல நிஜமாவே விடுவாங்க. அந்தம்மாவே ஒரு பேட்டியில சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, ரெண்டு நாள் காது கேக்கலைன்னு. இந்த இடத்துல விசில் பறக்கும் தெரியுமா? பொம்பளைங்களே கை தட்டுவாங்க.”

அவள் மறுபடி ஒரு ஃப்ரேம் பின்னால் போனாள்.

“அடிச்சதுக்கு அப்புறம் இருக்கறதை விட்டுடு. முன்னாடி இருக்கறதை எடு. வாங்கறதுக்கு முன்னாடியே தடம் இருந்தா ஜனம் சிரிக்கும். சாயந்திரம் ஃபைல் போகணும்.”

போய்விட்டார்.

சும்மா அழிக்க முடியாது. அழித்த இடம் ஓட்டையாகிவிடும். வேறு ஃப்ரேமிலிருந்து நல்ல தோலை எடுத்து மேலே ஒட்டவேண்டும்.

தேடினாள்.

அந்தக் காட்சியில் எங்கும் இல்லை. காபி டம்ளர் காட்சியில் இடது கன்னத்தில் மட்டும் பவுடர் சுண்ணாம்பு போல அப்பியிருந்தது. மாமியார் காலில் விழும் காட்சியில் முகமே இல்லை, கொண்டைதான். பாட்டுக் காட்சியில் கன்னம் நன்றாக இருந்தது. ஆனால் கிட்டத்தில் வரும்போதெல்லாம் நாயகனின் விரல்கள் அவள் தாடையை நெரித்துக்கொண்டிருந்தன.

பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். நாயகன் வருவதற்கும் முன்னால்.

அங்கே இருந்தது.

நாயகி கார் ஓட்டுகிறாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள். உதட்டைக் குவித்து விசிலடிக்கிறாள். இடது கன்னம். அதே பக்கத்து வெளிச்சம். ஒரு மாசு இல்லை.

நகமளவு எடுத்தாள். ஒட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஓடவிட்டாள்.

கன்னம் பளிச்சென்று இருந்தது. நாயகன் எதிரில் வந்து நிற்கிறான். கை கீழேதான் இருக்கிறது. அதற்குள் நாயகியின் கண்கள் மூடிக்கொள்கின்றன. தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது.

தடம் இருந்தபோது அது பயம்.

இப்போது வெட்கம்.

ஒட்டியதை உரித்துப் போட்டாள்.

ஐந்தரைக்குத் தணிகாசலம் வந்தார்.

“எடுத்துட்டியா?”

“நல்ல கன்னம் கிடைக்கலை சார். படம் முழுக்கத் தேடிட்டேன்.”

“ஒண்ணுகூடவா இல்லை?”

“ஒண்ணுகூட இல்லை.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, திரையில் தெரிந்த கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

தடம் போகவில்லை.